ஃபயர்வாலில் ஒரு மடிப்பு

மெக்கானிக் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, "இங்கே பாருங்க" என்றார்.

செஸ்னா 172 என்ற சிறு விமானத்தின் எஞ்சின் மூடியைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். எஞ்சினுக்கும் ஓட்டுகிறவர் கால் வைக்கும் இடத்துக்கும் நடுவில் ஒரு உலோகத் தகடு நிற்கும். அதன் பெயர் ஃபயர்வால். (பதினைந்து வருஷமாக நான் சோறு தின்பதும் ஃபயர்வாலை வைத்துத்தான், ஆனால் அது கம்ப்யூட்டரில் இருப்பது.) முன்சக்கரத்தின் காலை இந்தத் தகட்டோடுதான் பிணைத்திருக்கிறார்கள். சக்கரம் வாங்கும் அடி இங்கே வந்து சேரும். நேராக வெளிச்சம் அடித்தபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. டார்ச் சாய்ந்ததும், இஸ்திரி போட்ட வேட்டியில் உட்கார்ந்து எழுந்தால் விழுமே, அப்படி ஒரு மடிப்பு தெரிந்தது. விரல் நீளம்கூட இருக்காது. அதன்மேல் பெயிண்ட் வெடித்து, உள்ளே உலோகம் பளபளவென்று மின்னியது.

அதைப் போட்டவன் நான்தான். மூன்று நாள் முன்பு, ஒரு சனிக்கிழமை.

டெக்சாஸின் வடபகுதியில் இருக்கிறேன். உரிமம் வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. மொத்தம் நூற்றுப் பத்து மணி நேரம் பறந்திருக்கிறேன். இந்தக் கணக்கில் ஒரு மனிதன் எவ்வளவு தெரிந்தவனாக நினைத்துக்கொள்வானோ அவ்வளவும் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் உறுப்பினராக உள்ள பறக்கும் கிளப்பின் விமானத்தை எடுத்துக்கொண்டு நாற்பது மைல் தள்ளி ஒரு சிறு விமான நிலையத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவதுதான் திட்டம். இந்தப் பழக்கத்துக்கு இங்குள்ள விமானிகள் 'நூறு டாலர் ஹாம்பர்கர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சைவக்காரனான எனக்கு அது நூறு டாலர் பான்கேக்.

கிளம்புமுன் வானிலைக் குறிப்பைப் பார்த்தேன். போகிற இடத்தில் 18014ஜி23 என்று போட்டிருந்தது. காற்று 180 பாகையிலிருந்து, அதாவது நேர் தெற்கிலிருந்து, 14 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் வருகிறது, வீச்சில் 23 வரை போகிறது என்று பொருள். தெற்கிலிருந்து வரும் காற்றுக்குத் தமிழில் தென்றல் என்று பெயர். மார்ச் மாதம் வட டெக்சாஸில் அடிக்கும் தென்றலில் ஒரு கவிஞரைக் கொண்டுவந்து நிறுத்திப் பார்க்க வேண்டும். கையில் இருக்கும் தாள் ஓக்லஹோமாவுக்குப் போய்விடும்.

அந்த எண்ணை நான் படித்தேனே ஒழிய யோசிக்கவில்லை. 14 என்பது இரண்டு நிமிடச் சராசரி. 23 என்பது உச்சம். காற்று ஏறும் அளவுக்கு இறங்கவும் செய்கிறது அல்லவா? அந்த இறக்கம், அந்தப் பள்ளம், குறிப்பில் எங்கேயும் அச்சாவதில்லை. எட்டாக இருக்கலாம், ஆறாக இருக்கலாம். மேடு எவ்வளவு என்று சொல்வார்கள், பள்ளம் எவ்வளவு என்று சொல்ல மாட்டார்கள். சின்ன விமானத்தைக் கீழே போடுவதோ பெரும்பாலும் அந்தப் பள்ளம்தான்.

இது எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. எங்கள் ஊர் ஆரல்வாய்மொழிப் பக்கம். மேற்குத் தொடர்ச்சி மலை அங்கே ஒரு இடைவெளி விட்டிருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசல் வழியாகத்தான் நெருக்கியடித்துக்கொண்டு வரும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. அப்பா டிவிஎஸ் 50-இல் என்னைப் பின்னால் வைத்துக்கொண்டு காவல்கிணற்றிலிருந்து நாகர்கோவில் போவார். காற்று வலப்பக்கம். வண்டியை வலப்புறம் சாய்த்துப் பிடித்தபடியே ஓட்டுவார். சாய்ந்து ஓட்டுவதில் ஆபத்தில்லை. எதிரே ஒரு லாரி வந்து காற்றை மறைக்கும் பாருங்கள், அந்த ஒரு நொடிதான் ஆபத்து. தாங்கிக்கொண்டிருந்த சுவரை யாரோ உருவிக்கொண்ட மாதிரி வண்டி லாரியை நோக்கிச் சரியும். "லேய், லாரி வருது, இறுக்கிப் பிடி" என்பார் அப்பா. காற்றைப் பற்றி அவர் என்னிடம் எச்சரித்ததே இல்லை. காற்று நிற்பதைப் பற்றித்தான் எச்சரித்தார்.

விமானத்துக்குக் கணக்கு இப்படி வரும். இறக்கை தூக்கும் சக்தி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இங்கே வேகம் என்பது தரையை வைத்து அளப்பது அல்ல, இறக்கைமேல் ஓடும் காற்றை வைத்து அளப்பது. 65 நாட்டில் இறங்கிக்கொண்டிருக்கும்போது எதிர்க்காற்று சட்டென்று 9 நாட் குறைந்தால், விமானம் தன் கனத்தால் அதே தரைவேகத்தில்தான் போய்க்கொண்டிருக்கும். ஆனால் இறக்கைக்குக் கிடைப்பது 56. தூக்கும் சக்தியில் கால்வாசி காலி. ஒரு பெரிய ஜெட் விமானம் 140-இல் வரும்போது அதே 9 நாட் போனால் எட்டில் ஒரு பங்குதான் போகும். பயணிகள் விமானத்தில் வரும் அண்ணாச்சி 'லேசாக ஆடியது' என்று சொல்லிவிட்டுப் போகும் அதே காற்றில் ஆயிரத்து நூற்றுச் சொச்சம் கிலோ உள்ள செஸ்னா தொப்பென்று விழும்.

அதனால்தான் வீச்சுக் காற்றில் கொஞ்சம் வேகம் கூட்டி வரச் சொல்கிறார்கள். உச்சத்துக்கும் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி. 23-இல் 14 போனால் 9, அதில் பாதி நாலரை. என் வழக்கமான 65-ஓடு சேர்த்தால் 70. சரி. நான் எவ்வளவில் வந்தேன்? 78. பயம் வந்தால் எஞ்சின் சக்தியைக் கூட்டும் த்ராட்டிலைக் கை தானாகத் தள்ளும், வேகம் இருந்தால் பத்திரம் என்று தோன்றும். 70-க்கும் 78-க்கும் எட்டுதானே என்று நினைக்கலாம். வேகத்தை வர்க்கப்படுத்தினால் நான் தரைக்குக் கொண்டுவந்த ஆற்றல் கால் பங்கு அதிகம். அவ்வளவும் எங்காவது போய்ச் சேர வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தைத்தான் மெக்கானிக் டார்ச் அடித்துக் காட்டினார்.

அந்த ஊர் ஓடுபாதையின் எண் 13. திசை 130 பாகை. காற்று 180-இலிருந்து. ஐம்பது பாகை வலப்பக்கமாகக் குறுக்கே. கணக்குப் போட்டால் சராசரிக் காற்றில் குறுக்குவேகம் 11 நாட், வீச்சில் 17-க்கு மேல். செஸ்னா கையேட்டில் 15 நாட் வரை இறக்கிக் காட்டியிருப்பதாக எழுதியிருக்கும். அது சட்டம் போட்ட எல்லை அல்ல, தேர்ந்த விமானி ஒருவர் சோதனையில் செய்து காட்டியது. நான் தேர்ந்த விமானி இல்லை. இந்தக் கணக்கை அன்று போடவும் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு போட்டேன்.

ஓடுபாதைக்கு நேராக வந்தபோது விமானத்தின் மூக்கு வலப்புறம் திரும்பியிருந்தது. நண்டு மாதிரி ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு இன்னொரு பக்கம் நகர்வது. குறுக்குக் காற்றில் அப்படித்தான் வர வேண்டும். தரைக்கு அருகில் இடது ரட்டரை (வால் சுக்கானின் மிதியை) மிதித்து மூக்கை நேராக்கி, காற்று வரும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்தி, வலச்சக்கரத்தை முதலில் வைக்க வேண்டும். அதையெல்லாம் செய்தேன். ஆனால் வேகம் அதிகம், குறைந்த வேகத்திலும் தூக்கும் சக்தி தர இறக்கையின் பின்விளிம்பில் இறக்கும் தட்டியான ஃபிளாப்பையும் முழுதாக 30 பாகை இறக்கியிருந்தேன். பலத்த குறுக்குக் காற்றில் ஓடுபாதை நீளத்துக்குத் தேவையான குறைந்த ஃபிளாப் போதும் என்று கையேடு சொல்கிறது. பழக்கதோஷம். விமானம் தரையைத் தொடாமல் நாலடி உயரத்தில் மிதந்து போய்க்கொண்டே இருந்தது.

வலப்பக்கம் வரிசையாக ஹேங்கர்கள், விமானம் நிறுத்தும் கொட்டகைகள். அவற்றுக்கு நேராக வந்ததும் லாரி வந்துவிட்டது.

உறுமிக்கொண்டிருந்த காற்று வாயைப் பொத்தியதுபோல நின்றது. விமானம் உட்கார்ந்தது. டம். பிறகு எழும்பியது. கடைசி ஹேங்கரைத் தாண்டியதும் மறைந்திருந்த காற்று மொத்தமாக வந்து வல இறக்கையின் அடியில் கைகொடுத்தது. ஆறடியோ எட்டடியோ, எனக்கு அறுபதடி போலத் தெரிந்தது. அந்த நேரத்தில் மூக்கைத் தள்ளக் கூடாது, பிடித்து நிறுத்த வேண்டும், இல்லையென்றால் முழு சக்தி கொடுத்து மேலே போய்விட வேண்டும். பாடத்தில் முழு மதிப்பெண் வாங்கியவன் நான். கை என்ன செய்தது? தள்ளியது. தரை கீழே இருக்கிறது, தரைக்குப் போக வேண்டும், தள்ளு. அவ்வளவுதான் கைக்குத் தெரியும்.

முன்சக்கரம் முதலில் பட்டது. அந்தச் சத்தத்தை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. காதில் கேட்கவில்லை, முழங்காலில் கேட்டது. மறுபடி எழும்பி, மறுபடி குனிந்து... எங்கள் கடலோரத்தில் ஓங்கில், அதாவது டால்பின், துள்ளிப் போகுமே, அப்படி. ஆங்கிலத்திலும் இதற்கு ஓங்கிலின் பங்காளி ஒன்றின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு துள்ளலும் முந்தையதைவிடப் பெரிதாக வரும். மூன்றாவதில் முன்கால் ஒடிவதும் ப்ரொப்பெல்லர் தார்ச்சாலையை உழுவதும் பலருக்கு நடந்திருக்கிறது. ப்ரொப்பெல்லர் அப்படித் தரையில் பட்டால் எஞ்சினையும் பிரித்துப் பார்த்தாக வேண்டும். கிளப்பின் பாதிக் கஜானா அதிலேயே போய்விடும்.

இரண்டாவது துள்ளலின் உச்சியில் எங்கிருந்தோ புத்தி வந்து த்ராட்டிலை முழுக்க உள்ளே தள்ளினேன். விமானம் இடப்பக்கம் இழுத்தது. வலது ரட்டரை மிதித்தேன். இறங்கும்போது மூக்கின் நிலையைப் பிடித்து வைக்கவென்று அமைத்திருந்த ட்ரிம், முழு சக்தி வந்ததும் மூக்கை வானத்துக்குத் தூக்கப் பார்த்தது. கைமுட்டி வெளுக்க அழுத்திப் பிடித்தேன். ஃபிளாப்பை 20-க்குக் கொண்டுவந்தேன். ஏறியது. பதினைந்து நிமிடத் தொலைவில் வடக்குத் தெற்காக ஓடுபாதை உள்ள இன்னொரு நிலையம் இருந்தது. அங்கே காற்று நேர் மூக்கில் வந்தது. அதே 14, அதே 23. ஒரு சின்னக் குலுக்கலோடு இறங்கிவிட்டேன். மாலையில் காற்று தணிந்த பிறகு விமானத்தை வீடு கொண்டுவந்து சேர்த்தேன். இன்று யோசித்தால் அதுவும் தப்பு. முன்கால் வாங்கிய அடிக்கு யாரையாவது பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் மறுபடி எடுத்திருக்க வேண்டும்.

விமானத்துக்குள் ஒரு தாள் தொங்கும். பறந்துவிட்டு வந்தவர் ஏதாவது கோளாறு இருந்தால் அதில் எழுத வேண்டும். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சக்கரம் நேராக நிற்கிறது. ஒன்றும் ஒழுகவில்லை. யாரும் பார்க்கவில்லை. என் பெயருக்கு மேலே ஏழெட்டு வரிகள், எல்லாவற்றிலும் 'கோளாறு இல்லை'. நானும் அதையே எழுதிவிட்டு இறங்கினேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, அதனால்தான் சொல்கிறேன். கார் ஓட்டிக்கொண்டு பாதி தூரம் போன பிறகு, அடுத்த நாள் காலை அந்த விமானத்தில் ஒரு மாணவி தனியாகப் பறக்கப் போகிறாள் என்பது ஞாபகம் வந்தது. திரும்பிப் போய் அந்த வரியை அடித்து எழுதினேன்.

நானாவது திரும்பிப் போனேன். மெக்கானிக் டார்ச்சை இன்னும் கொஞ்சம் நகர்த்திக் காட்டியபோது, என் மடிப்புக்கு இரண்டு விரல் தள்ளி இன்னொன்று இருந்தது. அதிலும் பெயிண்ட் வெடித்திருந்தது. ஆனால் உள்ளே பளபளப்பு இல்லை. எண்ணெயும் தூசியும் ஏறிக் கறுத்துப்போயிருந்தது. "இது உங்களுடையது இல்லை, பழசு" என்றார். கோளாறுத் தாள்களைப் புரட்டினார். எந்தத் தாளிலும் அதற்கு வரி இல்லை.

அமெரிக்காவில் சிறு விமானங்கள் விமானியின் தவற்றால் படும் விபத்துகளில் இறங்கும்போது நடப்பவைதான் அதிகம். அவற்றில் சாகிறவர்கள் மிகக் குறைவு. நல்ல செய்திதான். ஆனால் சாவு இல்லாததாலேயே இவற்றைப் பற்றிப் பேச்சும் இல்லை. இறக்கை நுனி உரசும், முன்கால் மடங்கும், விமானம் ஓடுபாதையை விட்டுப் புல்லில் போய் நிற்கும். இன்சூரன்ஸ்காரருக்கு ஒரு கடிதம் போகும். கதை முடிந்தது. வால்சக்கரம் வைத்த பழைய பைப்பர் கப் போன்றவற்றில் இன்னும் மோசம். கனம் பிரதான சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், பக்கக் காற்று வாலைத் தள்ளிவிட்டால் வால் முன்னுக்கு வரப் பார்க்கும், விமானம் தரையிலேயே தட்டாமாலை சுற்றிவிடும்.

அந்த வகையில் இது விமானத்தின் வயதுள்ள வியாதி. 1903 டிசம்பர் 17 அன்று கிட்டி ஹாக்கில் ரைட் சகோதரர்கள் நான்கு முறை பறந்தார்கள். நான்காவது பறத்தல் 59 வினாடி, 852 அடி. அது முடிந்ததே விமானம் திடீரென்று குனிந்து தரையில் மோதியதால்தான். முன்பக்கச் சட்டம் முறிந்தது. சரி, பழுது பார்க்கலாம் என்று பேசிக்கொண்டு நின்றிருந்தார்கள். அப்போது ஒரு வீச்சு வந்து நின்றிருந்த விமானத்தைப் புரட்டியது. பிடிக்கப் போன ஜான் டேனியல்ஸ் கம்பிகளுக்குள் சிக்கி அதோடு சேர்ந்து உருண்டார். சிராய்ப்புகளோடு தப்பினார். அந்த விமானம் அதற்கப்புறம் பறக்கவே இல்லை. உலகின் முதல் விமானத்தை முடித்து வைத்தது, நிறுத்தி வைத்த இடத்தில் அடித்த ஒரு காற்று.

சரி, துள்ளினால் மேலே போய்விடு, கோ-அரவுண்ட் செய், அவ்வளவுதானே என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் பெருமையாக எழுத ஆரம்பித்தேன். அப்புறம் ஹூஸ்டன் ஞாபகம் வந்தது.

2016 ஜூன் 9. ஓக்லஹோமாவின் நார்மனிலிருந்து ஒரு சிர்ரஸ் எஸ்ஆர்20, மூன்று பேரோடு ஹூஸ்டன் ஹாபி விமான நிலையத்துக்கு வருகிறது. ஹாபி நெரிசலான இடம், போயிங்குகள் வரிசை கட்டி வரும். காற்று கிழக்கிலிருந்து 13, வீச்சில் 18. முதலில் ஒரு ஓடுபாதைக்கு அனுமதி கிடைக்கிறது. பின்னால் வேகமாக ஒரு 737 வருவதால் விலகச் சொல்கிறார்கள். அடுத்து 35 என்ற ஓடுபாதை. காற்று முழுக்கக் குறுக்கே, போதாததற்குக் கொஞ்சம் முதுகிலும் தள்ளுகிறது. உயரம் அதிகமாக வந்து மறுபடி மேலே போகிறார் விமானி. திரும்ப வருகிறார், மறுபடி உயரம், மறுபடி மேலே. அந்தக் கடைசி ஏற்றத்தில் வேகம் சேருமுன் ஃபிளாப்பை மடக்கிவிடுகிறார். இறக்கை பிடி விடுகிறது. விமானம் சுழன்று ஒரு கடையின் வாகன நிறுத்தத்தில் நின்ற காரின்மேல் விழுகிறது. மூவரும் இறந்தார்கள். சிர்ரஸில் விமானத்தையே தாங்கும் பாராசூட் உண்டு. அந்த உயரத்தில் அதனால் பயனில்லை.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விமானி கோ-அரவுண்ட் செய்த முறையைக் காரணமாகச் சொன்னது. கூடவே, கட்டுப்பாட்டு அறையினர் அவரை அங்கேயே சுற்றவிட்டதையும், நெருக்கடியான நேரத்தில் சிக்கலான கட்டளை கொடுத்ததையும், அவர் தன் நிலையை உறுதியாக எடுத்துச் சொல்லாததையும் சேர்த்தது. ஆகவே இதை வெறும் காற்றுக் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனால் அந்த ரேடியோ உரையாடலைக் கேட்டவர்களுக்குத் தெரியும், கடைசிவரை அவர் குரலில் மரியாதை குறையவே இல்லை. நம்மில் எத்தனை பேரால், "முடியாது, எனக்கு வேறு ஓடுபாதை வேண்டும்" என்று ஒரு அதிகாரக் குரலிடம் சொல்ல முடியும்? நான் வளர்ந்த பள்ளிக்கூடத்தில் அந்த வாக்கியத்துக்குப் பிரம்படி கிடைக்கும்.

அன்றைய என் கோ-அரவுண்டைப் பிறகு மனதில் ஓட்டிப் பார்த்தேன். ஃபிளாப் சுவிட்சை 20-இல் நிறுத்தினேன் என்று எழுதினேனே, அது அறிவால் நின்றதா, தற்செயலாக நின்றதா? சத்தியம் செய்யச் சொன்னால் கை நடுங்கும். அதற்கு முந்தைய கோ-அரவுண்டை நான் செய்து பதினொரு மாதம் ஆகியிருந்தது.

இரண்டு வாரம் கழித்து, காற்று நன்றாக அடிக்கும் நாளாகப் பார்த்து இன்ஸ்ட்ரக்டரோடு போனேன். அறுபதைத் தாண்டிய பெண்மணி. விண்ட்சாக்கைக் காட்டினார். ஆரஞ்சுத் துணிக்குழல் விறைத்து நேராக நீட்டிக்கொண்டிருந்தது. "15-க்கு மேல் எவ்வளவு அடித்தாலும் அது இப்படியேதான் நிற்கும். அதை நீளத்துக்காகப் பார்க்காதீங்க, எப்போ தொங்குதுன்னு பாருங்க" என்றார். என் அப்பாவுக்கும் இவருக்கும் அறிமுகம் செய்து வைத்திருக்கலாம்.

"இன்னைக்கு நாம இறங்கப் போறதில்லை" என்றார் அடுத்ததாக. ஓடுபாதைமேல் ஐந்தடி உயரத்தில், வல இறக்கையைத் தாழ்த்தி, மூக்கை நேராக வைத்து, நடுக்கோட்டை விடாமல் கடைசிவரை பறந்து, மேலே போய், சுற்றி வந்து, மறுபடி. ஆறு முறை. காற்று ஏறும்போது ஒரு கை வேலை, இறங்கும்போது இன்னொரு கை வேலை. சட்டை நனைந்துவிட்டது. ஏழாவது முறை எதுவும் சொல்லாமல் த்ராட்டிலை மெல்ல இழுத்தார். வலச்சக்கரம் கீச்சென்றது. அப்புறம் இடது. அப்புறம், தானாக, முன்சக்கரம். நான் மூச்சு விட்டுக் கைகளைத் தளர்த்தியதும் முழங்கையில் ஒரு தட்டு விழுந்தது. "இன்னும் பறந்துகிட்டுத்தான் இருக்கீங்க." காற்றுப் பக்கம் அய்லரானை (இறக்கை ஓரத்துத் தட்டியை) திருப்பிப் பிடித்தபடியே நிறுத்துமிடம் வரை ஊர்ந்து வந்து, கயிறு போட்டுக் கட்டிய பிறகுதான் விட்டார்.

நடந்ததை எழுதி நாசா நடத்தும் பாதுகாப்புத் தகவல் அமைப்புக்கு அனுப்பியிருந்தேன். 1976-லிருந்து நடக்கும் ஏற்பாடு. தண்டனை விலக்கு வேண்டுமானால் பத்து நாளுக்குள் அனுப்ப வேண்டும், பெயரை நீக்கிவிடுவார்கள். அதையே கிளப் உறுப்பினர் எல்லோருக்கும், பெயரோடு, மின்னஞ்சலாகவும் போட்டேன். ஒரு வாரம் யாரும் எதுவும் சொல்லவில்லை. இரண்டு பேர் கட்டைவிரல் படம் அனுப்பினார்கள்.

அப்புறம் ஒரு ராத்திரி போன் வந்தது. கிளப்பில் மூத்த உறுப்பினர். என்னைப்போல மூன்று மடங்கு பறந்தவர். என் மின்னஞ்சலைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. போன நவம்பரில் அதே விமானத்தை எடுத்துக்கொண்டு எங்கோ போனாராம். இறங்கும்போது ஒரு குதி, பெரிதாக ஒன்றும் இல்லை, சக்கரமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது, அதனால் எழுதவில்லை. இதையே வேறு வேறு வார்த்தையில் பத்து நிமிடம் சொன்னார். கடைசியில், "அந்தப் பழைய மடிப்பு எவ்வளவு நீளம்?" என்று கேட்டார்.

சொன்னேன். அன்று காற்று எவ்வளவு என்று கேட்டேன். பன்னிரண்டோ பதிமூன்றோ, தெற்கிலிருந்து என்றார்.

"வீச்சு?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அதைப் பார்க்கலை" என்றார்.